பத்து மணிச் சவாரிக்கு நாலரைக்கு ஏன் கிளம்புகிறீர்கள்?

கேள்வி: எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். மகனுக்கு ஏழு வயது. பிறந்ததும் அழவில்லை. மூளை முடக்குவாதம் என்றார்கள். கால் இரண்டும் விறைத்துப் பின்னிக்கொள்ளும். சாய்மானம் இல்லாமல் ரொம்ப நேரம் உட்கார வராது. பெங்களூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரிப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலு மாதமாக ஞாயிறுதோறும் கிருஷ்ணகிரியிலிருந்து வாடகைக் கார் வைத்துக் கூட்டிப் போகிறோம். சவாரி பத்து மணிக்கு. விடிகாலை நாலரைக்கே கிளம்பிவிடுவோம், ஊர் திரும்ப இருட்டிவிடும். குதிரை மேல் உட்கார்ந்தால் சிரிக்கிறான். வீட்டுக்காரர், ‘மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்குன கதைதான் இது. காசுதான் போகுது, கால் வந்துச்சா?’ என்கிறார். நாத்தனாருக்கு வேறு வரன் பார்க்கிறார்கள், செலவு நெருக்குகிறது. குதிரை ஏறினால் பிள்ளை நடப்பானா? தொடர்வதா, நிறுத்துவதா?

பதில்: நடப்பானா என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். அது கிடக்கட்டும். நான் கேட்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். பத்து மணிச் சவாரிக்கு நாலரைக்கு ஏன் கிளம்புகிறீர்கள்?

காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டாலும் ஏழரைக்குப் போய்விடலாம். காவேரிப்பட்டணத்தில் கார் கிடைக்காதா? கிருஷ்ணகிரியிலிருந்து ஏன் வர வேண்டும்? பத்தரைக்குச் சவாரி முடிகிறது, ஊர் திரும்ப ஏன் இருட்ட வேண்டும்? இதற்கெல்லாம் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாத்தனாருக்கு வரன் பார்க்கிறார்கள். அண்ணன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது வெளியில் தெரியக் கூடாது. பால் கறக்க ஆள் எழுந்திருக்கும் முன்னே பிள்ளையைத் துண்டில் சுற்றிக் காரில் ஏற்றி, தெருவிளக்கு எரிந்த பிறகு இறக்குகிறீர்கள். இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள், போடுகிறேன். இப்படிக் கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. ஆஸ்பத்திரி மாறும், வைத்தியம் மாறும், இந்த இருட்டு மட்டும் மாறாது.

நீங்கள் ஒளித்து வைப்பதால் பிள்ளையின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசாகத் திரும்பியும் அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். காலால் நடந்தறியாத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை கிடைக்கிறது. விழாமல் இருக்க முதுகும் வயிறும் ஒவ்வொரு அசைவுக்கும் தானே சரிசெய்துகொள்ளப் பழகுகின்றன. குதிரையின் உடம்புச் சூடு நம்மைவிடச் சற்றுக் கூடுதல். கால்களை அகற்றி அதன் மேல் உட்காரும்போது, விறைத்த தொடைத் தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கிடைக்கிற லாபம் இதுதான்: நிமிர்ந்து உட்காரும் தெம்பு, இடுப்பில் ஒரு பிடிப்பு. நீங்களோ அந்த அரை மணி இளக்கத்துக்காகப் பிள்ளையை நாள் முழுக்கக் காரில் மடக்கிப் போட்டு வைக்கிறீர்கள். விறைத்த தசை ஒரே நிலையில் கிடந்தால் இன்னும் விறைக்கும். குதிரை கொடுத்ததைக் கார் பிடுங்கிக்கொள்கிறது. காசு போகிறது என்று வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கிறாரே, டிரைவருக்குக் கொடுக்கிற வெயிட்டிங் சார்ஜ் எதற்காக என்று அவரையே கேளுங்கள்.

டென்மார்க்கில் லிஸ் ஹார்டெல் என்று ஒரு பெண். 1944-இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போனது. குதிரை மேல் ஏறவும் இறங்கவும் ஆள் தூக்க வேண்டும். அப்படியும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பதக்க மேடையில் ஏறத் தங்கம் வென்றவரே கைகொடுத்தார். ஊர் உலகமே பார்க்க நடந்தது இது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரைப் பயிற்சி என்று பல நாடுகளில் ஆரம்பித்ததற்கு இவர் ஒரு முக்கியக் காரணம். தன்னைத் தூக்கி இறக்குவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால்?

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சுத் திணறி மூளையில் அடிபட்டிருக்கலாம். மூளை முடக்குவாதம் பெரும்பாலும் இப்படிப் பிரசவத்தை ஒட்டியோ அதற்கு முன்போ ஏற்படுகிற பாதிப்பு. அத்தையின் வயிற்றில் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வரன் வீட்டார் பயப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போய்க் கேட்க வையுங்கள். மறைத்துக் கல்யாணம் முடித்து, வளைகாப்புக்கு வந்த இடத்தில் அவர்கள் இவனைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று உங்கள் மாமியார் யோசித்தாரா? எனக்கு இதில் இரண்டு பேச்சு இல்லை. ஒரு பிள்ளையைப் பின்கட்டில் பூட்டி வைத்து இன்னொரு பிள்ளைக்குத் தாலி கட்டுகிற குடும்பத்தை நான் நல்ல குடும்பம் என்று சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிற அன்று அவன் கூடத்தில், உங்கள் மடியில் இருக்கட்டும். பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

ஊருக்குப் பயந்து இன்னும் எதையெல்லாம் விட்டீர்களோ! பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே உங்கள் கடிதத்தில் இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு இயன்முறை மருத்துவர் வருகிறார். அவரைக் கேட்டு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். வாரத்துக்கு அரை மணிக் குதிரையை மட்டும் நம்பினால் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன பழமொழி பலித்துவிடும். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை எடுத்தாயிற்றா? அதை வைத்து ‘நிராமயா’ காப்பீட்டில் சேர்த்தால் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். தகுதி இருந்தால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. மனுவில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டும். அதற்குக் கை கூசக் கூடாது.

தொடர்வதா என்பதற்குப் பதில் இதோ. முதலில் அரசு மருத்துவமனையில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும், வெளியே தெரியாது. விலகியிருந்தால் அவர் சரி என்று சொல்லாமல் குதிரை ஏற்றக் கூடாது. கட்டுக்கு வராத வலிப்பு இருந்தாலும் கூடாது. பயிற்சி நடக்கிற இடத்தில் இயன்முறை மருத்துவர் கூடவே இருக்கிறாரா என்று பாருங்கள். குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், தலைக்கு ஹெல்மெட். இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் சவாரிதான். பக்கத்தில் நடக்க எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்களே சொல்லித்தருவார்கள். ஒரு பக்கம் உங்கள் வீட்டுக்காரர் நடக்கட்டும். நடந்து பார்த்துவிட்டு மண்குதிரையா இல்லையா என்று சொல்லட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் வருகிற ஞாயிறு ஆறரை மணிக்குக் கிளம்புங்கள். காரை உங்கள் ஊரிலேயே பேசுங்கள், வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். யாராவது எங்கே என்று கேட்டால், பையனைக் குதிரைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நாலரைக்குக் கிளம்பினோம் என்று மறுபடி எழுதினால் பதில் போட மாட்டேன்.