குழு கலைந்த பின் வந்த இசைத்தட்டு

கேள்வி: சிட்டி ஹால் பக்கம் பழைய இசைத்தட்டு விற்கும் கடையொன்றில், அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் ‘ஃபிளையிங் மெஷின்’ என்ற குழுவுடன் பாடிய தட்டைப் பார்த்தேன். 1971ஆம் ஆண்டு வெளியீடாம். 1970லேயே தனியாகப் பாடிப் புகழ்பெற்றவருக்கு அதன் பிறகு எதற்குக் குழு?
- வாசகர், ஈசூன்

பதில்: 1971 என்பது தட்டு வெளிவந்த ஆண்டுதான், அதிலுள்ள பாடல்கள் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியவை. டெய்லரும் அவருடைய இளமைக்கால நண்பரான கித்தார் கலைஞர் டேனி கோர்ச்மாரும் 1966இல் நியூயார்க்கில் இக்குழுவைத் தொடங்கி, கிரீன்விச் வில்லேஜிலிருந்த ‘நைட் அவுல்’ விடுதியில் தொடர்ந்து பாடிவந்தனர். 1967இல் ஒரேயொரு சிறு இசைத்தட்டு வெளியாகி, பெரிய வரவேற்பின்றிப் போனது. அதே ஆண்டில் குழுவும் கலைந்தது.

பின்னர் லண்டன் சென்ற டெய்லர், பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தில் 1968இல் தம் முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார். 1970இல் அவருடைய ‘ஸ்வீட் பேபி ஜேம்ஸ்’ தொகுப்பு பெருவெற்றி பெற்றதும், முடங்கிக் கிடந்த குழுப் பதிவுகளுக்கும் சந்தை பிறந்தது. வணிக நோக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது என்றாலும், அதற்காகத் தட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ‘நாக்கிங் ரவுண்ட் த ஜூ’ பாடலை இதிலும் 1968 தொகுப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டால், குழுவின் முரட்டு வேகம் பின்னாளில் எவ்வளவு மெருகேற்றப்பட்டது என்பது விளங்கும். எனக்கு முரட்டு வடிவமே பிடிக்கும். டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெயின்’ பாடலில் நொறுங்கிக் கிடப்பதாக வரும் பறக்கும் இயந்திரமும் இக்குழுவைத்தான் குறிக்கிறது. அது ஒரு விமான விபத்தைக் குறிக்கிறது என்பது வெறும் வதந்தி.

விலை நியாயமாக இருந்தால் வாங்கலாம். வாங்குமுன் தட்டில் கீறல் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.