கேரியோவன்: குடிமேசையிலிருந்து குதிரைப்படைக்கு (கேள்வி பதில்)

கேள்வி: சார், கேரியோவன் என்பது யாருடைய பெயர்?

பதில்: ஆள் பெயர் இல்லை. அயர்லாந்தின் லிமெரிக் நகரில் ஒரு பகுதி. ஐரிஷ் மொழியில் 'யோவானின் தோட்டம்' என்று பொருள். ஜன்னலை உடைப்போம், ரோந்துக்காரர்களை மூன்று நான்கு பேராகச் சாய்ப்போம் என்று அங்கே குடித்துத் திரிந்த வசதியான வீட்டு இளவட்டங்கள் பாடிய பாட்டுக்கும் அதே பெயர்; ஆட்ட மெட்டில் அமைந்த அது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது. பீத்தோவன்கூட இந்த மெட்டுக்கு இசைக்கோவை எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஆட்ட மெட்டுக்கு எப்படி நடை போட முடியும்? எங்கள் பேண்டில் இழுக்கிறதே!

பதில்: ஆறாக எண்ணுகிறீர்கள், அதனால்தான் இழுக்கிறது. இது 6/8, அதாவது ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) ஆறு எண்ணிக்கை; நம் கணக்கில் திஸ்ர நடை. ஒரு பாருக்கு 'தகிட தகிட'. முதல் 'த'வில் இடது கால், அடுத்த 'த'வில் வலது கால். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 60 பார். 8 பார் கொண்ட இரண்டு பகுதிகளையும் இரண்டிரண்டு முறை வாசித்தால் 32 பார், சரியாக 32 விநாடி. டிரம்காரர் 'த'வில் மட்டும் அழுத்தட்டும். 'கிட'வை விழுங்கினால் துள்ளல் போய்விடும். மெட்டின் உயிரே அதுதான்.

கேள்வி: அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர் இதைப் போர்க்களத்தில் வாசிக்க வைத்தது உண்மையா?

பதில்: உண்மை. 1866இல் கான்சாஸில் உருவான அமெரிக்க 7ஆம் குதிரைப்படையின் மெட்டு இது. அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் பிறந்த கேப்டன் மைல்ஸ் கியோ கொண்டுவந்தார் என்பது படையில் வழங்கும் பேச்சு. 1868 நவம்பர் 27, விடியற்காலை, வாஷிட்டா ஆற்றங்கரை. அமெரிக்கப் பழங்குடியினரான ஷையான் மக்களின் குடியிருப்பைத் தாக்கும்போது பேண்டு தொடங்கியது. சில சுரங்களிலேயே நின்றது. கடுங்குளிரில் ஊதுபவரின் மூச்சு ஈரம் பித்தளைக்குள் உறைந்துவிட்டது. வால்வில் பனி பிடித்தால் விரல் அழுத்தியும் அசையாது. அன்று ஷையான் தலைவர் பிளாக் கெட்டிலும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். இந்த மெட்டைப் புகழ்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: இன்றும் வாசிக்கிறார்களா?

பதில்: ஆம். 1981இல் 1ஆம் குதிரைப்படை டிவிஷனின் அதிகாரபூர்வப் பாடலும் ஆனது.

கேள்வி: கஸ்டரின் கடைசிப் போரிலும் ஒலித்ததா ஐயா?

பதில்: இல்லை. பேண்டைப் பவுடர் ஆற்று முகாமிலேயே விட்டுவிட்டு, பேண்டுக்காரர்களின் குதிரைகளை மற்ற வீரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வழியனுப்ப வாசித்ததோடு சரி. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரும் கியோவும் இறந்தபோது பேண்டு அங்கே இல்லை.