அப்பச்சி கிடாருக்குப் புளி வேண்டாம்

கேள்வி: என் அப்பச்சி வால்பாறையில் எஸ்டேட் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன கிடார் இப்போது என்னிடம் இருக்கிறது. உடம்பு மரமல்ல, தகடு. மேலே உப்புப் பூத்தது போலச் சாம்பல் நிறப் பெயிண்ட். நடுவில் ஓட்டை போட்ட வட்ட மூடி. தலைப்பலகையின் உச்சி விளிம்பில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் நான்கு எண்களும் குத்தியிருக்கின்றன. கழுத்தின் பின்புறம் உருண்டை. தந்திகள் விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கின்றன. மீட்டினால் கிர்ரென்று இரைகிறது. கழுத்து வளைந்துவிட்டது என்கிறார் தெரிந்த இசை ஆசிரியர். கழுத்தை மாற்றி, அனுப்பர்பாளையத்தில் கொடுத்து பாலிஷ் போட்டுவிடலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டுமே வேண்டாங்க.

அனுப்பர்பாளையத்துக்காரர்கள் பித்தளைப் போசியைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது பித்தளையாகத் தெரியவில்லை. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது. அந்த உலோகங்களில் செய்த விலை கூடிய கிடார்களும் உண்டு. நீங்கள் சொல்லும் அந்த உப்புப் பூத்த பெயிண்டுதான் இதன் ஜாதகமே. பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஜாதகம் போய்விடும். புளி போட்டும் தேய்க்காதீர்கள். மெல்லிய உலர்ந்த துணி போதும்.

உங்கள் அடையாளங்கள் எல்லாம் நேஷனல் கம்பெனியின் டுயோலியன் கிடாருக்குப் பொருந்துகின்றன. அமெரிக்காவில் 1930களில் செய்தது. கிடாருக்கு மின்சாரம் வராத காலத்தில், நடன மேடைப் பேண்டுகளுக்கு நடுவே மரக் கிடாரின் சத்தம் எடுபடவில்லை. ஜான் டோபியராவும் ஜார்ஜ் பீச்சமும் சேர்ந்து 1927இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கம்பெனி அது. உள்ளே மெல்லிய அலுமினியக் கோனை வைத்து, ஸ்பீக்கர் போல அதை அதிரவிட்டார்கள். அவர்களுடைய உலோகக் கிடார்களில் விலை குறைந்தது டுயோலியன். புதிதாக வரும் நகல்களிலும் இதே சாயல் இருப்பதால், எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். தந்திகளைத் தளர்த்திவிட்டு, தலைப்பலகைப் பக்கம் அவை ஏறிச் செல்லும் மேடையைப் பாருங்கள். மேலே ஒரு சின்ன உலோகத் துண்டு கவிழ்த்து வைத்திருக்கிறதா? இருந்தால் அது கையோடு வந்துவிடும். மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் தந்தியைத் தேய்த்து வாசிக்கும் ஹவாய் முறைக்காகத் தந்திகளைத் தூக்கி வைக்கும் துண்டு அது. துரைக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருக்கலாம். ஹவாய் இசைக் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவிலேயே தங்கி வாசித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் துண்டை எடுத்த பிறகும் தந்தி உயரமாகவே நின்றால், அப்போது கழுத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கோணத்தைச் சரிசெய்வதுதான் வேலை, மாற்றுவது அல்ல.

அப்புறம் அந்த இரைச்சல். மூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு வட்டிலில் போட்டு வையுங்கள். தொலைந்தால் அதே மரை கிடைப்பது கஷ்டம். உள்ளே ஒன்பதரை அங்குல அகலத்தில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கோன் இருக்கும். அதன் உச்சியில் வட்டமான மரச் சில்லு. அமெரிக்கர்கள் அதை பிஸ்கட் என்கிறார்கள், பார்த்தால் பிஸ்கட்டேதான். கோனைப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள். தந்திகளின் அழுத்தத்தில்தான் அது விளிம்பில் உட்கார்ந்திருக்கும். மரச்சில்லைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இரையும், கோன் ஒரு பக்கம் எழும்பியிருந்தாலும் இரையும். என் கடைக்கு வந்த ஒரு கிடாரில் குளவிக்கூடு இருந்தது. தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். கோனின் மேல் கட்டைவிரலைக்கூட அழுத்தக் கூடாது.

அதில் நான் அடிபட்டவன். ஒரு வாடிக்கையாளரின் கோன் நடுவில் அமுங்கிப் போயிருந்தது. கோயமுத்தூரில் ஸ்பின்னிங் என்றால் நூல் மில்தான் ஞாபகம் வரும், ஆனால் லேத்தில் தகட்டைச் சுழற்றி ஏனம் செய்வதற்கும் அதே பெயர்தான். அப்படி ஒரு பட்டறையில் அச்சு அசலாக ஒரு கோன் செய்து வாங்கினேன். அளவு மயிரிழை பிசகவில்லை. தகடுதான் சோற்றுப் போசித் தகடு! மாட்டி மீட்டினால், மூடி போட்ட போசிக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலிருந்தது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எவ்வளவு மெல்லிசு வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து கோன் வரவழைத்தேன். உங்களுக்கும் கோன் மாற்ற வேண்டி வந்தால், பழையதைத் தூக்கி எறியாமல் கிடாரோடு வைத்திருங்கள்.

விலை பற்றி இப்போது பேச வேண்டாம். கழுத்தும் உடம்பும் சேரும் இடம் வரை எத்தனை ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) என்று எண்ணி எழுதுங்கள். 12 என்றால் பெரும்பாலும் 1935க்கு முந்தையது, 14 என்றால் பிந்தையது.

கேள்வி: டோப்ரோ என்பது கிடார் வகையா, கம்பெனியா?
- வாசகர், ஈரோடு

பதில்: கம்பெனிப் பெயர், வகைப் பெயராகிவிட்டது. மேலே சொன்ன ஜான் டோபியரா நேஷனலை விட்டுப் பிரிந்து சகோதரர்களோடு தொடங்கியது. டோபியரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம். அவர்களுடைய ஸ்லோவாக் மொழியில் ‘நல்லது’ என்றும் பொருள். அதில் கோன் நிமிர்த்திய கிண்ணமாக இருக்கும். அதன் விளிம்பில் எட்டுக் கால் சிலந்தி போல ஓர் அலுமினியச் சட்டம் நிற்கும், தந்திகளின் பாரத்தை அதுதான் தாங்கும். உடம்பு பெரும்பாலும் மரம். பிற்பாடு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பெயர் இன்று கிப்ஸன் கம்பெனியிடம் இருக்கிறது.