கடலே இல்லாத ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்), கடலை எப்படிக் கண்காணிக்கிறது?
கரையில் நின்று பார்க்கும் வேலை இல்லை இது; தரவு வந்து சேர்ந்தால் போதும். அதில் எனக்குப் பிடித்தது ஆர்கோ மிதவை என்னும் தானியங்கிக் கருவி. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். இந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மீனவர்களுக்கு மீன் கூடும் இடம் சொல்வதும் இன்காய்ஸ்தான். கடல்மேற்பரப்பு வெப்பம் சட்டென மாறி, பச்சையமும் மிகுந்திருக்கும் இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுகிறார்கள். மேகம் மூடினால் படமே கிடைக்காது, அதுதான் சிக்கல்.

சுனாமி எச்சரிக்கை மையமும் 2007 முதல் இங்கேயே. நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிப்பது மட்டும் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.