ஸ்டியரிங் இருவர் கையில்

அன்புள்ள சார்,

அமெரிக்க அரசியல் பற்றிய உங்கள் குறிப்பில், அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் வேறு கட்சி என்றிருந்த காலத்தில்தான் அங்கே நல்ல சுற்றுச்சூழல் சட்டங்கள் வந்தன என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டியரிங் இருவர் கையில் இருந்தால் வண்டி நகராது, எல்லாம் ஒரே கட்சிக்குக் கிடைத்தால்தான் ஏதாவது நடக்கும் என்கிறார். ஏதோ தற்செயலாக நடந்ததை நீங்கள் விதியாக்குகிறீர்களா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்த வரியை அவசரத்தில் எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தற்செயல் இல்லை.

1970இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் அதிபர். இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம். அந்த ஆண்டின் முதல் நாள் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார், கடைசி நாள் தூய காற்றுச் சட்டத்தில். நிக்சனுக்கு மரம் மட்டை மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. 1972 தேர்தலில் மெய்ன் மாநில செனட்டர் மஸ்கி எதிரே நிற்பார் என்ற பயம். நல்ல பெயர் அவருக்குப் போய்விடக்கூடாது. மஸ்கியும் ஏலத்தில் விலை ஏற்றுவதுபோல் மசோதாவைக் கடுமையாக்கிக்கொண்டே போனார். செனட்டில் அவருடைய காற்று மசோதாவுக்கு 73-0.

1972இல் தூய நீர்ச் சட்டத்தைச் செலவு அதிகம் என்று நிக்சன் வீட்டோ செய்தார். மறுநாளே இரு அவைகளும் அதை மீறி நிறைவேற்றின, அவர் கட்சிக்காரர்களும் சேர்ந்து. அப்புறமும் மனிதர் விடவில்லை. முதல் இரண்டு ஆண்டுக்கான பணத்தில் பாதிக்கு மேல் நிறுத்தி வைத்தார். அது செல்லாது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அமில மழை விவகாரம். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாநிலம். அதன் செனட்டர் ராபர்ட் பேர்ட், ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவராக இருந்தவரை அமில மழை மசோதா நகரவில்லை. 1989இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஜார்ஜ் மிட்செல், மெய்ன்காரர். அதாவது புகை கிளம்புகிற ஊர்க்காரர் போய், மழை விழுகிற ஊர்க்காரர் வந்தார். இருவரும் ஒரே கட்சிதான்! வெள்ளை மாளிகையில் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை கேட்டு பேர்ட் கொண்டுவந்த திருத்தம் 49-50 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அந்தத் திருத்தம் ஜெயித்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். அமில மழை மசோதாவில் 1990 இறுதியில் புஷ் கையெழுத்திட்டார்.

அன்று நிலக்கரிக்காரர்களும் கார் ஆலைக்காரர்களும் இரு கட்சியிலும் இருந்தார்கள், ஏரியும் காடும் வேண்டும் என்றவர்களும் அப்படியே. கட்சி தாண்டிப் பேரம் பேச ஆள் கிடைத்தது. இப்போது அந்த வரைபடம் கட்சிவாரியாகப் பிரிந்துவிட்டது.

சரி, எல்லாம் ஒரே கட்சி கையில் இருந்தபோது? 2009இல் ஜனநாயகக் கட்சியிடம் அதிபர், இரு அவை எல்லாமே இருந்தது. கார்பன் வெளியீட்டைக் குறைக்கும் மசோதா கீழவையில் 219-212 என்று தப்பி, செனட்டில் ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கு வரிச்சலுகை தந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் 2022இல் துணை அதிபரின் ஓட்டால் 51-50 என்று செனட்டைத் தாண்டியது. குடியரசுக் கட்சியின் ஓட்டு ஒன்றுகூட இல்லை. 2025இல் அவர்கள் கைக்கு எல்லாம் வந்ததும் அந்த வரிச்சலுகையை வெட்டிவிட்டார்கள். இரண்டிலும் மருமகன் கேட்டபடி ஸ்டியரிங் ஒருவர் கையில்தான்.

2020 டிசம்பரை அவருக்கு நினைவுபடுத்துங்கள். டிரம்ப் அதிபர், கீழவை ஜனநாயகக் கட்சியிடம். பூமியைச் சூடாக்கும் குளிர்பதன வாயுவான எச்எஃப்சியை 85 சதவீதம் படிப்படியாகக் குறைக்கும் சட்டம் ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தது, டிரம்ப் கையெழுத்திட்டார். செனட்டில் அதற்காக முன்னால் நின்றவர்களில் ஒருவர் லூசியானாவின் குடியரசுக் கட்சிக்காரர் ஜான் கென்னடி. மாற்று வாயு தயாரிக்கும் ஆலைகள் அவர் மாநிலத்தில் இருந்தன.

மருமகன் சமீபத்தில் வீட்டுக்குப் புது ஏசி போட்டிருந்தால், உள்ளே என்ன வாயு என்று கேட்டுப் பாருங்கள். ஆர்-410ஏ என்ற பழைய எச்எஃப்சி கலவை அநேகமாக இருக்காது.