கைப்பிரதிக் கட்டை ஊரிலேயே வைத்துவிட்டு வா, தம்பி

தம்பி, உன் கேள்விகளைப் படித்தேன். நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, நேபாளத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்ய வருகிறாய். என்ன துணி எடுக்கணும், கையில் எவ்வளவு காசு வேணும், ஹிந்தி தெரிந்தால் சமாளிக்கலாமா, நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, வருகிற வழியில் பஸ்ஸில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா, கல்யாணத்தை முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். மற்றதுக்கெல்லாம் கேள்விக்கு ஒரு வரி போதும். கைப்பிரதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

துணி இங்கேயே கிடைக்கும். ஸ்வெட்டரை நாகர்கோவிலில் தேடி அலையாதே, மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற புட்வல் பஜாரில் வாங்கிக்கொள். காசு எவ்வளவு என்பது நீ எந்த மலையில் இருக்கப்போகிறாய் என்பதைப் பொறுத்தது. நம்ம நூறு ரூபாய்க்கு இங்கே 160 ரூபாய், 1993இலிருந்து அதே கணக்கு. கடையில் விலை சொன்னால் ஐ.சி.யா (இந்திய ரூபாய்) என்.சி.யா (நேபாள ரூபாய்) என்று கேட்டுக்கொள். நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டு செல்லாது என்று 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த விதி மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முன்னால் கேட்டுக்கொண்டு வா. நேபாள நர்சிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்காமல் ஒரு ஊசியையும் தொடாதே. சரி, இதோடு போதும்.

இனி கைப்பிரதி.

நேபாளத்தின் 2015 அரசியல் சட்டத்தில் 26ஆம் பிரிவு, அவரவர் மதத்தை அவரவர் கடைப்பிடிக்கலாம் என்கிறது. இன்னொருவரை மதம் மாற்றக்கூடாது என்று சொல்வதும் அதே பிரிவுதான். 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டம், 158ஆம் பிரிவு: மதம் மாற்றினாலோ மாற்ற முயன்றாலோ ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டு ஆள் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

இதைச் சொன்னால் நம்ம ஊர்த் தம்பிமார் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், நான் பார்த்திருக்கிறேன். பாடுபடத் தயார் என்பார்கள். நீ படுவது இருக்கட்டும் தம்பி. உன்னைப் பிடித்தால் தூதரகத்தில் இருந்து ஆள் வரும், ஊரில் உபவாச ஜெபம் நடக்கும், திரும்பிப் போனால் கன்வென்ஷன் மேடையில் சால்வை போட்டு சாட்சி சொல்ல வைப்பார்கள். உனக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவன், உன் பக்கத்தில் உட்கார்ந்து பாவம் என்று அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டவன், உன்னைச் சபைக்குக் கூட்டிப்போன நேபாளிப் பாஸ்டர், இவர்களுக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷனும் இந்த நாட்டில்தான், வீடும் இந்த நாட்டில்தான். நீ போன பிறகு அவர்கள் வாய்தாவுக்கு நடப்பார்கள்.

இது புதுச் சட்டமும் இல்லை. 1954இல் யுனைடெட் மிஷன் டு நேபாள் உள்ளே வரும்போதே மதப் பிரச்சாரம் செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டுத்தான் வந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிதண்ணீர், மின்சாரம் என்று வேலை செய்தார்கள். நான் இருக்கும் தான்சேனில் 1960இல் ஞானஸ்நானம் எடுத்த நேபாளிகளைச் சிறையில் போட்டார்கள். கொடுத்த பாஸ்டருக்கு இன்னும் கூடுதல் தண்டனை. அவரும் நேபாளிதான். வெள்ளைக்கார டாக்டர்கள் அந்த வாரமும் வார்டு ரவுண்ட்ஸ் போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் எழுதிக்கொடுத்ததை அவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் ஜெயிலுக்குப் போனது யார் என்பதை நீ மறக்கக்கூடாது. 1951க்கு முன்னால் நாட்டுக்குள் கிறிஸ்தவர் என்று சொல்ல ஆளே இல்லை எனலாம். 2021 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துக்கு மேல், 1.76 சதவீதம். இது வெளியூர்க்காரன் பஸ்ஸில் காகிதம் நீட்டி வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லி வந்தது.

கைப்பிரதியைவிட மோசமானது ஒன்று உன் சட்டைப்பையில் இருக்கிறது. போன் கேமராவைச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் நம்ம பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், எல்லாரும் ஒரே நிற டீசர்ட். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மகர் என்கிற மலைச் சாதிக்காரி, சின்னப் பிள்ளைக்காரி, புருஷன் கத்தாரில். வீட்டாருக்குத் தெரியாமல் ஜெபத்துக்கு வருவாள். புல் அறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள், திரும்பும்போது டோக்கோவில் நிஜமாகவே புல் இருக்கும், பொய் ஆகிவிடக்கூடாது என்று. டோக்கோ என்றால் நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமக்கிற மூங்கில் கூடை. கண்ணை மூடி ஜெபிக்கும் நேரத்தில் அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். ஊருக்குப் போய், இருளிலிருந்து மீட்கப்பட்ட சகோதரி என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ஜெபக்குறிப்பாம். தோஹாவில் அவள் புருஷனோடு வேலை செய்த நம்ம தமிழ்ப் பையன் ஒருவன், விசுவாசக் குடும்பத்துப் பிள்ளை, சந்தோஷமாக அதை அவனிடமே காட்டியிருக்கிறான்: உங்கள் ஊர் பாருங்க அண்ணே என்று. அந்த மாதத்தில் இருந்து வீட்டுக்குப் பணம் நின்றது. மாமியார் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் இப்போது எல்லைப் பக்கத்து பைரஹவாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். சபைக்கு வருவதில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. அந்த டீசர்ட் அண்ணன்மாருக்கு இது எதுவும் தெரியாது. நான் எழுதினேன், 'ஜெபித்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. படம் இல்லாவிட்டால் காணிக்கை வராது. அவ்வளவுதான் விஷயம். உன்னைத் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் எதையாவது காட்டியாக வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: உன்னை அனுப்புவது யார், என்ன கேட்டு அனுப்புகிறார்கள்? சம்பளம் இல்லை என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளாதே. சாப்பாட்டுக்கு யார், இன்சூரன்ஸ் யார் கட்டுவது, படுத்துக்கொண்டால் யார், அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தால் டிக்கெட் யார் எடுப்பது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று கமிட்டியார் சொன்னால், பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல். அதை அவிசுவாசம் என்று எவராவது சொன்னால் அவருடைய மெடிக்கல் பாலிசியைக் காட்டச் சொல்.

என்னை அனுப்பியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். 2002 மழைக்காலத்தில் வந்தேன். மாவோயிஸ்ட் சண்டை உச்சத்தில் இருந்த காலம். ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர் வந்து இறங்கி, ஜீப்பில் சுனௌலி. எல்லையை நடந்தே கடந்தேன். பாஸ்போர்ட் முத்திரை ஒன்றும் இல்லை, வெளிநாடு வந்ததே தெரியாது. பைரஹவாவில் இருந்து புட்வல் வரைக்கும் பஸ் கிடைத்தது. அதற்கு மேலே பந்த். யார் அழைத்த பந்த் என்று இன்றுவரை தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ், மூட்டைப்பூச்சி மெத்தை, வெளியே மழை, கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு டிரங்குப் பெட்டி. பந்த் முடிந்து பஸ் கிளம்பியது. சித்தபாபா பக்கம் மண் சரிந்து கிடந்தது, இறங்கி நடந்து, அந்தப் பக்கம் நின்ற வேறு பஸ்ஸில் ஏறினோம். மேலே ராணுவச் சோதனைச்சாவடி, மறுபடி எல்லாரும் இறங்கணும், பையைத் திறக்கணும். என் பையில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப்பொடிப் பொட்டலத்தை ஒரு சிப்பாய் விரலால் தொட்டு மோந்து பார்த்து, நக்கியும் பார்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, என்னைப் போகச் சொன்னான்.

பணம் வரவில்லை. அப்போது இப்போது மாதிரி இல்லை. இந்திய வங்கியில் இருந்து நேபாளத்துக்குப் பணம் அனுப்பும் ஏற்பாடு 2008இல்தான் வந்தது. அதுவரை வருகிற போகிற ஆள் கையில் கொடுத்து விடுவதுதான். ஆள் வரவில்லை என்றால் காசும் இல்லை. ஆனால் மாத அறிக்கைப் படிவம் மட்டும் தபாலில் தவறாமல் வந்துவிடும். அதில் ஒரு கட்டம்: இந்த மாதம் ஆதாயமான ஆத்துமாக்கள் எத்தனை. நான் பிரசவ வார்டில் இருந்தேன். அந்த மாதம் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் போட்டு அனுப்பினேன். சபைப் பத்திரிகையில் அதை அப்படியே அச்சடித்து, எழுப்புதல் என்று எழுதினார்கள். டைபாய்டில் நான் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது என்னோடு வேலை செய்த நேபாளி சிஸ்டர்கள். அதில் ஒருத்தி பிராமணப் பெண். அவள் வீட்டில் அடுக்களைப் பக்கம் என்னை விடமாட்டார்கள், ஆனால் அவள் என் எச்சில் டம்ளரைக் கழுவினாள்.

ஹிந்தி கேட்டாயே. புரியும், கடைக்காரன் பதிலும் சொல்வான். ஆனால் ஹிந்தியோடு நின்றுவிட்டால் நீ எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான். 2015 செப்டம்பரில் இருந்து அடுத்த பிப்ரவரி வரை எல்லையில் லாரி வராமல் கேஸ், பெட்ரோல், மருந்து எல்லாம் முடங்கியது. உன் நாடு செய்த வேலையைப் பார் என்று காய்கறிக்காரி என்னிடம் சண்டைக்கு வந்தாள். இத்தனைக்கும் அவளுக்கு எதிர்வீட்டில் மருமகளாக இருப்பவள் நான், என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்த மகர். நான் நேபாளியில் திருப்பிச் சண்டை போட்டேன், என் வீட்டிலும் விறகு அடுப்புதான் எரிகிறது வந்து பார் என்றேன். வந்தாள், பார்த்தாள், டீ குடித்தாள். ஹிந்தியில் அந்தச் சண்டையைப் போட்டிருக்க முடியாது. காட்மாண்டுவில் பதினைந்து வருஷம் இருந்தும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேச வராத நம்ம ஆட்கள் உண்டு. சாயங்காலம் கூடினால் தமிழ்ப் பாட்டு, கோழிக் குழம்பு, அப்புறம் இந்த ஜனங்களுக்கு இருதயம் கடினம் என்ற புலம்பல். மலையாளிகளைப் பார். மார்த்தோமா சபையார் 1950களிலேயே வந்தவர்கள், மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த முதல் ஆறு மாதம் மொழி மட்டும் படி. வேலைக்கு அவசரப்படாதே.

ஆராதனை சனிக்கிழமை. நான் வந்த காலத்தில் ஞாயிறு இங்கே வேலை நாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்காருவோம், ஜய்மசீ, அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம், என்று கைகூப்புவோம். முதலில் எனக்கு ஞாயிறு காலையில் டியூட்டிக்குப் போகப் பிடிக்காது, எங்கள் ஊர்க் கோயில் மணி காதில் கேட்கும். இப்போது ஊருக்குப் போனால் சனிக்கிழமை கை கால் ஓடுவதில்லை. 2015 ஏப்ரல் 25ஆம் தேதி பூமி ஆடியதும் ஒரு சனிக்கிழமை, பகல் 11.56. நாடு முழுக்க விசுவாசிகள் சபைக்குள் இருந்த நேரம், நிறையப் பேர் அங்கேயே இறந்துபோனார்கள். நாட்டில் மொத்தம் கிட்டத்தட்ட 9,000 பேர். தான்சேன் தப்பித்தது. அதற்குப் பிறகு தார்ப்பாயோடும் அரிசியோடும் பைபிளைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. யாரோ சிலர் செய்ததற்கு, வாங்காத சபைகளுக்கும் சேர்த்து அரிசிக் கிறிஸ்தவர் என்ற பட்டம். என் மாமியார் இன்னும் தசைன் பண்டிகைக்கு நெற்றியில் டீக்கா, அதாவது ஆசீர்வாதப் பொட்டு, வைக்கக் கூப்பிடுவார். நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அன்று அவர் காலடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். புதிதாக வந்த நம்ம ஊர்த் தம்பி ஒருவன் அதையும் தப்பு என்று என் வீட்டுக்காரருக்குப் போதித்தான். அவர் சிரித்துக்கொண்டே அவனை பஸ் ஏற்றிவிட்டார்.

மாட்டுக்கறி கிடைக்குமா என்று எங்கேயும் கேட்டுவிடாதே, விளையாட்டுக்குக்கூட. பசுவைக் கொன்றால் இங்கே மூன்று வருஷம் வரை ஜெயில். மற்றபடி பருப்பும் சோறும் இரண்டு வேளை, காலையில் பத்து மணிக்கே சாப்பாடு. கடுகெண்ணெய் வாசனை ஒரு மாதத்தில் பழகும், குந்த்ருக் என்கிற புளிக்கவைத்துக் காயவைத்த கீரை பழக ஒரு வருஷம் ஆகும். இட்லி மாவு தை மாதத்தில் பொங்காது, முயற்சி பண்ணாதே.

கல்யாணம் உன் அம்மா அப்பா முடிவு. அந்தப் பெண்ணுக்குக் கையில் ஒரு தொழில் இருந்து, அவளுக்கும் வர ஆசை என்றால் கூட்டி வா. நீ டியூட்டிக்குப் போன பிறகு மலை மேல் ஒற்றை அறையில் உனக்காகக் காத்திருக்க ஒருத்தியை அழைத்து வராதே. அப்படி வந்த பிள்ளைகள் அழுததை இந்த வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கோரக்பூரில் இறங்கினதும் ஒரு மெசேஜ் போடு, புட்வலுக்கு ஆள் அனுப்புகிறேன். கைப்பிரதிக் கட்டு வைக்க இருந்த இடத்தில் ஒரு கிலோ புளியும் உடன்குடிக் கருப்பட்டியும் வை. பெருங்காயம் கட்டியாக வாங்கு, தூள் வேண்டாம்.