பத்து நிமிடத்தில் மறந்துவிடுபவருக்கு கவுன்சிலிங் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஆரம்பநிலை அல்சைமர் மறதிநோய். எந்நேரமும் பதற்றம், சாயங்காலமானால் அழுகை. டாக்டர் கவுன்சிலிங் கூட்டிப் போகச் சொல்கிறார். பேசியதைப் பத்து நிமிடத்தில் மறப்பவருக்கு அதனால் என்ன பயன்?

நான் மதுரையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், ஒரு கண்டக்டரிடம் தோற்ற பிறகு.

அரசு பஸ்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பதற்றத்துக்காகக் கூட்டி வந்தார்கள். பாடத்தில் படித்த முறையிலேயே ஆரம்பித்தேன். ஐம்பது நிமிடப் பேச்சு, முடிவில் கட்டம் போட்ட ஒரு தாள். பயம் எப்போது வந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று வீட்டில் எழுதி வரவேண்டும். மூன்று வாரம் தாள் வெறுமையாகத் திரும்பியது. நான்காவது வாரம் உள்ளே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், இன்னிக்கும் எழுதல" என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். சாவி, கண்ணாடி, பேரன் பெயர் என்று வீட்டில் நாள் முழுக்கத் தடுமாறுகிறவருக்கு நானும் ஒரு பரீட்சை வைத்து அதிலும் ஃபெயிலாக்கியிருந்தேன்.

ஆக, உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். எல்லோருக்கும் செய்வதுபோலச் செய்தால் பயனில்லை.

மீதிப் பாதிக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும், பிறகு சிரிப்புப் படத்துண்டுகளையும் காட்டினார்கள். சில நிமிடம் கழித்துக் கேட்டால் என்ன பார்த்தோம் என்பது பலருக்கும் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. துக்கமும் சந்தோஷமும் மட்டும் போகவில்லை. காரணம் மறந்த பிறகும் உணர்ச்சி தங்கியது. உங்கள் அப்பா சாயங்காலம் எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். மத்தியானம் யாரோ சுள்ளென்று பேசியிருப்பார்கள். பேச்சு மறந்திருக்கும், வலி மறந்திருக்காது.

கண்டக்டருக்குத் திரும்புகிறேன். ஐம்பது நிமிடத்தை இருபத்தைந்தாகக் குறைத்தேன். அவர் தெளிவாக இருக்கும் காலை பத்து மணி, ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி. ஃபேன் சத்தம் அவரைத் தொந்தரவு செய்கிறது என்று புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. காது மெஷினைப் போட்டுக்கொண்டு வந்தாரா என்று முதலில் பார்ப்பேன். பாதி பேருக்கு அது வீட்டு அலமாரியில் இருக்கும், நாம் மறதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான். "ஏன்" என்று கேட்பதில்லை, அதற்குப் பதில் சொல்ல நிறைய நினைவு வேண்டும். "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியை அடியோடு விட்டேன். நான் யார் என்பதையும் எதற்காகப் பேசுகிறோம் என்பதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லி, "பேசலாமா?" என்று கேட்பேன். போன வாரம் சரி என்றவர் இந்த வாரமும் சரி என்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய பயம் என்ன தெரியுமா? தினமும் ஐந்து மணிக்கு, "கலெக்‌ஷன் இன்னும் டெப்போவுல கட்டல" என்று எழுந்து சட்டை மாட்டுவார். மகன், "நீங்க ரிட்டயர் ஆகிப் பதிமூணு வருஷம் ஆச்சுப்பா" என்பான். சண்டை, கதவைப் பூட்டுதல், அழுகை. நானும் முதலில் மகனைப் போலத்தான் தேதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், "கணக்கு ஒதைச்சா என்னண்ணே ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "திருடன்னு சொல்லிருவாங்க."

அந்த வருடம்தான் வீட்டில் அவருடைய ஏடிஎம் கார்டை வாங்கி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மூன்று முறை பணத்தைக் காணோம் என்று வீடே அவரிடம் கேள்வி கேட்டிருக்கிறது. டெப்போ கணக்கு பழசு, அவமானம் புதுசு.

வைத்தியத்தையும் அவரே சொன்னார். சில்லறை இல்லாவிட்டால் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார்களே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "எழுதிக் குடுத்துட்டா ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லையே டீச்சர்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கடைசி ஐந்து நிமிடத்தில் மனைவியை உள்ளே அழைத்து, ஒரு சின்னச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதுவோம். முதல் சீட்டுக்கு மனைவி, "கலெக்‌ஷன் கட்டியாச்சுன்னு எழுதிருங்களேன்" என்றார். இந்தத் துறையில் பெரிய விவாதமே உண்டு, நோயாளியிடம் பொய் சொல்லலாமா என்று. எனக்கு மனம் வரவில்லை. "கணக்கு சரியா இருக்கு. யாருக்கும் பாக்கி இல்ல" என்று எழுதினோம். பழைய காலத்துக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு மனைவி அதை எடுத்து நீட்டுவார், காய்கறிக்கடைச் சில்லறையை எண்ணச் சொல்லிக் கையில் கொடுப்பார். பதற்றம் நின்றுவிடவில்லை. கதவைப் பூட்ட வேண்டிய நாட்கள் குறைந்தன.

எட்டாவது வாரமும் என் பெயர் அவருக்குத் தெரியாது. வாசலில், "யாரு இந்தப் பொண்ணு?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, நான் காட்டாமலே தன் நாற்காலிக்குப் போய்க் காலர் பட்டனைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

மாத்திரை போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2011-இல் இங்கிலாந்தில் அல்சைமரோடு மனச்சோர்வும் இருந்த 326 பேரிடம் செர்ட்ராலின், மிர்டாசபின் என்ற இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். 13 வாரத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இரண்டுமே மேலாக வேலை செய்யவில்லை. அதற்காக உங்கள் அப்பாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பேச்சு சிகிச்சையையும் நான் ஏற்றிச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வின்படி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் சிந்தனை-நடத்தை வழி சிகிச்சை மனச்சோர்வை ஓரளவு குறைக்கிறது, பதற்றத்துக்கான சான்று அத்தனை உறுதியாக இல்லை.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். குழுவாக உட்கார்ந்து பாட்டு, பழமொழி, பழைய பொருட்கள் என்று மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஏழு வாரம், 14 அமர்வு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி நடத்தியிருக்கிறது. நல்ல பயிற்சி, கிடைத்தால் சேருங்கள். ஆனால் அது சிந்தனைக்கும் பேச்சுக்குமான பயிற்சி. அப்பாவின் பயத்தை மட்டும் எடுத்துவைத்துப் பேச இன்னொருவர் வேண்டும்.

நோய் முற்றி வாக்கியமே அமையாத நிலையில் இந்த முறை ஓடாது. அப்போது பேச வேண்டியது பார்த்துக்கொள்கிறவர்களிடம். திடீரென்று ஒரே வாரத்தில் குழப்பம் கூடினால் கவுன்சிலிங்குக்கு வராதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். சிறுநீர்த்தொற்றாகவோ புது மாத்திரையாகவோ இருக்கலாம்.

ஆலோசகரை ஃபோனில் பிடிக்கும்போது மறதிநோய் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். "முதலில் நீங்கள் வந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், அப்பா வெளியே இருக்கட்டும்" என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

பிறகு ஒரு விஷயம், கண்டக்டரின் மகன் செய்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், "அங்க என்ன பேசுனீங்கப்பா, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டே போவான். நீங்கள் அதைக் கேட்காதீர்கள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள்.